கலையிற் காணும் மூதாட்டி



பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்னும் நான்கும் துக்கம் என்று பகவன் புத்தர் வகுத்தருளினார். இவற்றுள் மூப்பு ஆண், பெண் என்னும் இருபாலார்க்கும் பொதுவானது. ஆயினும் கலைஞர்கள் முதிய ஆணை ஒருவகையாகவும் முதிய பெண்ணை வேறொரு வகையாகவும் படைத்து வந்துள்ளனர். நரைத்த தாடியுடைய ஆண் பெரும்பாலும் முனிவனாகவும் ஆசானாகவும் நிற்கிறான். நரைத்த கூந்தலையுடைய பெண்ணோ பேயாகவோ, கேடு விளைப்பவளாகவோ, நகைப்புக்குரியவளாகவோ நிற்கிறாள். அன்றேல் அவளுக்கு இடமே இல்லாமற் போகிறது.

இவ்வேறுபாட்டைச் சில சிற்பங்களையும் ஓவியங்களையும் கொண்டு அறிதலும், நம் தம்ம நூல்கள் இதற்குத் தரும் மறுமொழியைக் காண்டலும், அம்மறுமொழி நம் இல்லங்களில் எதனை மாற்றவேண்டும் என்று துணிதலும் இப்பாடத்தின் நோக்கங்களாம்.

இது கலைவல்லுநர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. மான்குர்த்திலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் குடும்பங்களில் தாயும் பாட்டியும் முதுமை எய்தி இருக்கின்றனர். அவர்களை நாம் பார்க்கும் பார்வை நாமாகப் பெற்றது போலத் தோன்றினும், அஃது உண்மையில் பல நூற்றாண்டுகளாகக் கல்லிலும் செம்பிலும் சொல்லிலும் வடிக்கப்பெற்று நமக்கு வந்து சேர்ந்த பார்வையேயாகும்.

1. நான்கு காட்சிகளில் முதியவர் யார்?

சித்தார்த்தர் தேரூர்ந்து சென்றபோது முதியவர், பிணியாளர், பிணம், துறவி என்னும் நான்கு காட்சிகளைக் கண்டார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். இக்காட்சிகள் பௌத்த நாடுகள் பலவற்றில் சிற்பங்களாகவும் ஓவியங்களாகவும் அமைந்துள்ளன. ஜாவாத் தீவிலுள்ள போரோபுதூர்த் தூபியில் புத்தர் பிரானின் வரலாற்றை விளக்கும் 120 சிற்பத் தொகுதிகள் உள்ளன. அவற்றிலும் இக்காட்சிகள் இடம்பெற்றிருக்கின்றன. இங்கெல்லாம் மூப்பின் அடையாளமாகக் கோலூன்றி நிற்பவன் ஓர் ஆண்மகனே.

நூல்மரபே அவ்வாறு இருத்தலின் சிற்பியைக் குறைகூற இயலாது. எனினும் இதன் பயன் யாது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூப்பு என்னும் உண்மையை உலகுக்கு அறிவிக்கும் பெருமை ஆணின் உடலுக்குக் கிடைத்தது. பெண்ணின் உடலுக்கோ, அழகையும் தாய்மையையும் காட்டும் பணியே பெரும்பாலும் விதிக்கப்பட்டது.

2. கன்ஹேரியில் ஒரு நாள்

நம் பகுதியில் வாழ்வோர் இதனை நேரிற் கண்டறிதல் எளிது. மான்குர்த்தில் துறைமுக வழி இரயிலேறிக் குர்லாவில் மாறித் தாதரை அடைந்து, அங்கிருந்து மேற்கு வழி இரயிலில் போரிவ்லி சென்றால், தேசியப் பூங்காவினுள் கன்ஹேரி மலையைக் காணலாம். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் உள்ளன. 3ஆம் குகை பெரிய சைத்தியம். அதன் முகப்பில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் இணையர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இவ்வுருவங்களைக் கொடையாளர் என்று கருதுவர். பருத்த தோளும், கனத்த சிலம்பும், நிமிர்ந்த நிலையுமாக அப்பெண்கள் நிற்கின்றனர். அவர்கள் முகத்தில் மூப்பின் கோடு ஒன்றும் இல்லை. பிற்காலத்துக் குகைகளில் போதிசத்துவரின் அருகே நிற்கும் தாரை முதலிய பெண்ணுருவங்களும் இளமைப் பொலிவுடனேயே விளங்குகின்றன.

ஆனால் அக்குகைகளின் கல்வெட்டுகளை நோக்கினால் வேறொரு செய்தி புலனாகிறது. கன்ஹேரியிலும், சாஞ்சி முதலிய பிற தலங்களிலும், கொடை அளித்தவர்களுள் பிக்குணிகளும் உள்ளனர். சங்கத்தில் பல்லாண்டு வாழ்ந்து முதிர்ந்த தேரிகளும் அவர்களுள் இருந்தனர். அவர்தம் பெயர்களைக் கல் ஏற்றுக்கொண்டது. அவர்தம் முதிய முகங்களை ஏற்றுக்கொள்ளவில்லை.

அஜந்தாவின் 2ஆம் குகையில் ஹாரீதி என்பவளுக்கு ஒரு தனிச் சிற்றறை உண்டு. பிள்ளைகளைக் கவர்ந்து தின்ற அரக்கியாகிய அவளை, அவளுடைய கடைக்குட்டியை மறைத்து வைத்து, பிள்ளையை இழந்த தாயின் துயரை உணரச் செய்து புத்தர் பிரான் திருத்தினார் என்பது வரலாறு. அச்சிற்றறையில் அவள் மடியில் பிள்ளையுடன், உடல் செழித்த இளந்தாயாக வீற்றிருக்கிறாள். அரக்கியும் தம்மத்திற் சேர்ந்தால் கலையில் இளந்தாயாகிவிடுகிறாள் என்பது கருதத்தக்கது.

இனி, புத்தர் பிரானின் இரு அன்னையரை ஒப்பிட்டுப் பார்ப்போம். பெற்ற தாயாகிய மாயாதேவி மகவு பிறந்த 7ஆம் நாள் மறைந்தாள். மரக்கிளையைப் பற்றி நிற்கும் அவளுடைய இளமையுருவம் காந்தாரம் முதல் அமராவதி வரை எண்ணிறந்த இடங்களில் செதுக்கப்பட்டுள்ளது. வளர்த்த தாயாகிய மகாபஜாபதி கோதமியோ தம் முதுமையில் தலைமயிரை மழித்து, காவியுடுத்து, சாக்கியப் பெண்கள் பலரை உடனழைத்துக்கொண்டு கபிலவத்துவிலிருந்து வைசாலி வரை நடந்தே சென்றாள். கால்கள் வீங்கி, உடலெல்லாம் புழுதி படிய, வாயிற்புறத்தில் கண்ணீருடன் நின்றாள். ஆனந்தர் அவளுக்காகப் பரிந்து வேண்டினார். பிக்குணி சங்கம் அன்று பிறந்தது. அவள் 120 ஆண்டு வாழ்ந்ததாக அபதானம் என்னும் நூல் கூறும். மாயாதேவியின் உருவத்தை அறியாத பௌத்தர் இலர். வீங்கிய காலுடன் வாயிலில் நின்ற அந்த மூதாட்டியின் பழஞ்சிற்பம் ஒன்றைக் கண்டதாகச் சொல்வோர் நம்முள் எத்தனை பேர்?

3. கல்லில் வடித்த முதுமை

அங்ஙனமாயின், தளர்ந்த பெண்ணுடலை இந்தியச் சிற்பிகள் செதுக்கியதே இல்லையோ எனின், செதுக்கினர். எவ்வுருவங்களில் செதுக்கினர் என்பதே நோக்கத்தக்கது. மூன்றினை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சாமுண்டி. புவனேசுவரத்தில் 8ஆம் நூற்றாண்டினதாகிய வைதால் கோயிலில் அவளைக் காணலாம். விலா எலும்புகள் வரிவரியாகத் தோன்ற, கண்கள் குழிந்து, மார்பு வற்றித் தொங்க, மண்டையோட்டு மாலையுடன் அமர்ந்திருக்கிறாள். ஏழன்னையர் வரிசையில் ஏனையோர் வனப்புடன் இருக்க, இவள் ஒருத்தியே வற்றிய உடலுடையவளாக அமைக்கப்படுவதை வடநாட்டுச் சிற்பங்கள் பலவற்றிற் காணலாம். பட்டினியாலும் பிள்ளைப்பேற்றாலும் ஆண்டுகளாலும் மெலிந்த ஒரு மூதாட்டியின் உடல் இங்கே அச்சத்தின் அடையாளமாக ஆக்கப்பட்டது.

இரண்டாவது, சேட்டை. ஜ்யேஷ்டா என்னும் வடசொல்லுக்கு மூத்தவள் என்பது பொருள். அதுவே தமிழில் சேட்டை என்றும், மூத்த தேவி என்னும் பொருளில் மூதேவி என்றும் வழங்கிற்று. பல்லவர், பாண்டியர், சோழர் காலங்களில் தமிழ்நாட்டில் இவளுக்குச் சிறப்பான வழிபாடு இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இவளுடைய சிற்பம் உண்டு. திருப்பரங்குன்றத்தில் 773ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, பாண்டியனின் அதிகாரியாகிய சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி என்பாள் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் அமைத்ததைக் கூறுகிறது. மூத்தவளுக்கு ஒரு பெண் கோயிலெடுத்த காலம் அது. பருத்த வயிறும், சரிந்த மார்பும், இருபுறமும் மகனும் மகளுமாக அமர்ந்திருக்கும் இவளுக்குக் காக்கை கொடி, கழுதை ஊர்தி, துடைப்பம் கைப்பொருள்.

பின்னர் நிகழ்ந்தது யாது? சேட்டையை வணங்கிச் செல்வம் எதிர்பார்ப்போரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் கடிந்து பாடினார். நாளடைவில் வழிபாடு குன்றியது. தங்கை இலக்குமி செல்வத்துக்கும் மங்கலத்துக்கும் உரியவளாக நின்றாள். அக்காள் வறுமைக்கும் அமங்கலத்துக்கும் உரியவளானாள். கோயில் மறைந்தது, பெயர் மட்டும் வசைச்சொல்லாக எஞ்சியது. மூத்தவள் என்று பொருள்படும் ஒரு சொல்லே தமிழில் பெண்ணை இழித்துரைக்கும் சொல்லாயிற்று என்பதை நினைவிற் கொள்க. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

மூன்றாவது, காரைக்காலம்மையார். புனிதவதி என்னும் வணிகர்குலப் பெண், கணவன் தன்னை விட்டு நீங்கியபின், அவனுக்காகத் தாங்கிய தசையழகு இனி வேண்டா என்று உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றாள் என்று பெரிய புராணம் கூறும். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் அவளை எலும்பெழுந்த மார்பும் வற்றிய முலையும் உடையவளாக, கையில் தாளம் ஏந்திப் பாடும் நிலையில் காட்டுகின்றன. அத்தகைய திருமேனிகள் இரண்டு இன்று அமெரிக்காவில், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் கன்சாஸ் நகர அருங்காட்சியகத்திலும் உள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் அவள் அமர்ந்திருக்கிறாள். கம்போடியாவில் 967இல் நிறுவப்பெற்ற பாந்தேய் ஸ்ரே கோயிலிற் காணும் ஓர் உருவத்தையும் அவளுடையதென்று அறிஞர் கொள்வர்.

நாம் சைவரல்லேம்; எனினும் நடுநிலை பிறழாது உரைத்தல் வேண்டும். இச்சிற்பங்களில் வெறுப்பு இல்லை. வற்றிய உடலை அன்போடு வடித்த கைகள் அவை. அவளுடைய முகத்தில் அமைதியும் மகிழ்ச்சியும் உள. ஆயினும் ஒன்று கருதுக: பெண்ணொருத்தி தன் அழகைத் துறந்து தனித்து வாழ்வதற்குப் பேயாக வேண்டியிருந்தது. அவளை மூதாட்டி என்று மதிக்க இடமில்லாத உலகம், பேய் என்று வணங்க இடந்தந்தது.

4. ஔவை என்னும் விலக்கு

தமிழர் மதித்துப் போற்றும் மூதாட்டி உருவம் ஒன்று உண்டு. அஃது ஔவையார். கோலூன்றிய கையும் நரைத்த தலையும் நெற்றியில் திருநீறுமாக அவளைச் சிறுவரும் அறிவர். 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற வேடம் அவ்வுருவத்தை ஊர்தோறும் நிலைநாட்டியது. 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது கடற்கரையில் எழுப்பப்பெற்ற சிலைகளுள் ஔவையின் சிலையும் ஒன்று.

ஆனால் அதியமானைப் பாடிய சங்ககால ஔவை தன் பாட்டில் மூதாட்டியாகத் தோன்றவில்லை. மைதீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலியாகவே தோன்றுகிறாள். பிற்காலக் கதையே, திருமணத்தை விலக்குதற்பொருட்டு அவள் முதுமையை வேண்டிப் பெற்றதாகக் கூறிற்று. அறிவுடைய பெண் ஊரூராகத் தனியே திரிந்து அரசர்க்கும் அறிவுரை கூறுவதற்கு இளமை தடையாயிருந்தது. முதுமை அவளுக்குக் காவலாயிற்று.

1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாச பண்டிதர், ஔவை என்பவள் அம்பிகையம்மன் என்னும் பௌத்தப் பிக்குணியே என்றும், அவளுடைய நீதிமொழிகள் தம்மத்தைப் போதிப்பனவே என்றும் எழுதினார். இலக்கிய வரலாற்றறிஞர் இக்கொள்கையை ஏற்பதில்லை. எனினும் பண்டிதரின் உள்ளத்தில் பிக்குணி என்ற சொல் எத்தகைய உருவத்தை எழுப்பிற்று என்பது இதனால் விளங்கும். தமிழர் தம் அறிவின் தாயாகப் போற்றிய மூதாட்டியையே அவர் சங்கத்தின் மகளாகக் கண்டார்.

5. பிற நாடுகளில்

இக்குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கச் சிற்ப மரபில் தோன்றியதும், உரோமானியப் படிகளாக இன்று ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் உரோமிலும் காணப்படுவதுமான ஒரு சிற்பம், மதுக்கலத்தைத் தழுவிக்கொண்டு தரையில் அமர்ந்திருக்கும் கிழவியைக் காட்டுகிறது. கழுத்தெலும்பும் திறந்த வாயும் மிகுந்த திறமையோடு செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் காண்போர் அவளைப் பார்த்து நகைத்தற்கே அத்திறமை பயன்பட்டது.

இதற்கு மாறாக, ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் தூரர் 1514இல் தம் தாயைக் கரிக்கோலால் வரைந்தார். அவள் 18 பிள்ளைகளைப் பெற்றவள், அவ்வாண்டிலேயே இறந்தாள். ஒட்டிய கன்னம், துருத்திய எலும்பு, சுருங்கிய நெற்றி ஆகிய யாவும் அதில் மறைவின்றி உள்ளன. மகன் தாயை அழகுபடுத்தவுமில்லை, இழிவுபடுத்தவுமில்லை, உள்ளபடி கண்டான். உள்ளதை உள்ளபடி காண்டல் நம் தம்மம் கற்பிக்கும் பயிற்சியாதலின், அவ்வோவியம் பௌத்தர் போற்றத்தக்கதாகும்.

பௌத்த நாடாகிய ஜப்பானில் இருவகை உருவங்களையும் ஒருங்கே காணலாம். இறந்தோர் கடக்கும் ஆற்றங்கரையில் அமர்ந்து அவர்தம் ஆடைகளைப் பறிக்கும் கொடுங்கிழவியாகிய தத்சுவேபாவை அந்நாட்டு மக்கள் ஓவியமாகவும் சிலையாகவும் அமைத்தனர். அதே நாட்டில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோமாச்சி என்னும் பெண்பாற் புலவரைப் பற்றிய நாடகமும் உண்டு. பேரழகியாயிருந்த அவள் முதுமையில் இரந்துண்டு திரிகிறாள். ஒருநாள் வழியிற் கிடந்த தூபிக்கட்டையின்மேல் களைத்து அமர்கிறாள். அவ்வழியே வந்த துறவியர் புனிதப்பொருளின்மேல் அமரலாகாதென்று கடிந்துரைக்க, அவள் தம்மத்தின் வழிநின்றே அவர்களோடு வாதிட்டு வெல்கிறாள். துறவியர் கந்தையுடுத்த அக்கிழவியைத் தலைவணங்குகின்றனர். ஓவியர் யோஷித்தோஷி 1885க்கும் 1892க்கும் இடையே வெளியிட்ட நிலவுச் சித்திர வரிசையிலும் அம்மூதாட்டி அமர்ந்திருக்கிறாள். இங்கே மூதாட்டி காட்சிப்பொருளாக மட்டும் நிற்கவில்லை. வாய் திறந்து பேசுகிறாள். இவ்வேறுபாடே இப்பாடத்தின் உயிர்நிலையாகும்.

6. சுட்டப்பட்டவளும் பேசியவளும்

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் 20ஆம் காதையில் ஒரு காட்சி உண்டு. தன்மேல் காதல்கொண்டு பின்தொடரும் உதயகுமரனுக்கு, காயசண்டிகை வடிவிலிருக்கும் மணிமேகலை ஒரு நரைமூதாட்டியைச் சுட்டிக்காட்டுகிறாள். கூந்தல், நெற்றி, புருவம், கண், மூக்கு, பல், தோள் என ஒவ்வோருறுப்பாக எடுத்து, முன்பு எதற்கு உவமையாயிருந்தது இன்று என்னவாயிற்று என்று உரைக்கிறாள். உடலழகின் நிலையாமையைத் தமிழில் இதனினும் தெளிவாக உரைத்த இடம் அரிது. ஆயினும் கவனிக்க: அந்த மூதாட்டி ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்குப் பெயரும் இல்லை. இளம்பெண்ணொருத்தி இளைஞன் ஒருவனுக்குப் பாடம் சொல்ல, அவள் பாடப்பொருளாக நிற்கிறாள்.

இதே பொருளைப் பாலி மொழியிலுள்ள தேரிகாதை வேறுவிதமாகக் கூறுகிறது. தேரிகாதை சுத்தபிடகத்தின் குட்டக நிகாயத்தைச் சேர்ந்தது. பிக்குணிகள் தம் வாழ்வைத் தாமே பாடிய 73 பாடல்களின் தொகுப்பு. அவற்றுள் ஒன்று அம்பபாலியினது. வைசாலி நகரின் பேரழகியாகிய கணிகை அவள்; தன் மாந்தோப்பைப் புத்தருக்கும் சங்கத்துக்கும் ஈந்தவள்; பின்னர்த் துறவு பூண்டவள். முதிர்ந்தபின் அவள் தன் உடலைத் தானே நோக்குகிறாள். வண்டின் நிறமாயிருந்த கூந்தல் முதல் பஞ்சுபோன்ற அடிகள் வரை ஒவ்வொன்றும் எவ்வாறு மாறிற்று என்று 19 பாட்டுகளில் உரைக்கிறாள். உண்மை உரைப்போன் கூற்றுப் பிழையாது என்று ஒவ்வொரு பாட்டையும் முடிக்கிறாள்.

இரு நூல்களும் உரைக்கும் உண்மை ஒன்றே. ஆனால் மணிமேகலையில் மூதாட்டி சுட்டப்படுகிறாள். தேரிகாதையில் மூதாட்டி பேசுகிறாள். தன் சுருக்கங்களைத் தானே எண்ணுபவளைப் பார்த்து எவரும் நகைக்க இயலாது, அஞ்சவும் வேண்டியதில்லை. அவள் அங்கே ஆசிரியை, நாம் மாணவர்.

அம்பபாலியின் இம்முதுமையைக் கலைஞர் விரும்பவில்லை. 1966இல் இம்மும்பை நகரிலிருந்து வெளிவந்த ‘ஆம்ரபாலி’ என்னும் இந்தித் திரைப்படத்தில் தமிழ்நாட்டு நடிகையாகிய வைஜயந்திமாலா அவளாக நடித்தார். அவள் இளநங்கையாகவே புத்தரை அடைவதோடு கதை முடிகிறது. அவள் அழகாயிருந்த காலத்தை உலகம் பன்முறை காட்டிற்று. அவள் அறிவு முற்றிய காலத்தைக் காட்ட மறந்தது.

7. கோலூன்றிய தேரிகள்

தேரிகாதையில் முதுமையிற் பேசுபவள் அம்பபாலி ஒருத்தி மட்டுமல்லள்.

தம்மை என்னும் தேரி கோலூன்றி நடுங்கும் உடலுடன் பிச்சைக்குச் சென்றபோது தரையில் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உடலின் இயல்பை உணர்ந்து உள்ளம் விடுதலை பெற்றாள்.

சித்தை என்பாள் மெலிந்து நோயுற்றிருந்தும் கோலூன்றி மலையேறினாள். மேலாடையைக் கீழே வைத்து, திருவோட்டைக் கவிழ்த்து, பாறையிற் சாய்ந்து, அறியாமை என்னும் இருளைப் பிளந்தாள். மேத்திகை என்னும் தேரியும் அவ்வாறே இளமை கடந்தபின் மலையேறிப் பயன் எய்தினாள்.

சோணை பத்துப் பிள்ளைகளைப் பெற்றவள். செல்வத்தையெல்லாம் அவர்களுக்குப் பகிர்ந்தளித்தபின் அவர்கள் அவளை மதியாதொழிந்தனர் என்று உரைநூல் கூறும். தளர்ந்த வயதில் சங்கஞ்சேர்ந்த அவளையே, விடாமுயற்சியிற் சிறந்த பிக்குணி என்று புத்தர் பிரான் பாராட்டினார். பிள்ளைகள் சுமையென்று எண்ணியவளை ததாகதர் முயற்சியில் முதல்வி என்றார்.

சுமனை என்பாள் கோசல அரச குடும்பத்தவள். துறவில் நாட்டமிருந்தும், தன் பாட்டியைப் பேணுதற்பொருட்டு அதனைத் தள்ளிவைத்து, பாட்டி மறைந்தபின் தானும் முதியவளாகித் துறவு பூண்டாள் என்பது உரைவரலாறு. பாட்டியைப் பேணியதனால் அவளுக்கு நிப்பாணம் தவறிப்போகவில்லை என்பதை, முதியோரைப் பேணுதலைச் சுமையெனக் கருதுவோர் அறிந்துகொள்வாராக.

கோலூன்றிய இத்தேரிகளுக்கும் வற்றிய உடலே இருந்தது. சாமுண்டிக்கும் காரைக்கால் பேய்க்கும் சிற்பிகள் அமைத்ததும் அவ்வுடலையே. உடல் ஒன்றாயிருக்க, பொருள் வேறுபட்டது. அச்சமோ அமங்கலமோ உடலில் இல்லை. காண்போர் கண்ணிலேயே உள்ளது.

8. நாம் செய்ய வேண்டுவன

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் தம்மத்தை ஏற்றபோது வகுத்த 22 உறுதிமொழிகளை நாமும் மொழிந்துள்ளோம். பழைய தெய்வங்களை வணங்கோம் என்றோம். மனிதர் யாவரும் சமம் என்றோம். ஆயினும் நம் இல்லங்களில் பெண்ணொருத்தி காலந்தாழ்த்து எழுந்தாலும், பாத்திரம் கைதவறி விழுந்தாலும், ‘மூதேவி’ என்ற சொல் எளிதாக வாயில் வருகிறதல்லவா? தெய்வத்தைக் கைவிட்ட நாம் அத்தெய்வத்தின் பெயரால் வந்த வசையைக் கைவிடவில்லை. இதனினும் வியப்பானது வேறுண்டோ?

அச்சொல்லின் உட்பொருளை ஆராய்க. மூத்தவளாயிருத்தல் அதில் குற்றம்; கையில் துடைப்பம் ஏந்தியிருத்தல் குற்றம். இப்பெருநகரின் தெருக்களை வைகறையில் எழுந்து தூய்மை செய்யும் பெண்களின் கையிலும் துடைப்பமே உள்ளது. மான்குர்த்தை அடுத்த தேவனார்க் குப்பைமேட்டில் பல்லாண்டுகள் பொருள் பொறுக்கித் தம் மக்களைப் படிக்கவைத்த மூதாட்டிகள் நம்மிடையே உளர். இவர்களை அமங்கலம் என்னும் சொல்லைப் பிறர் ஆளின் நாம் சினப்போம், நாமே ஆளலாமோ? நல்வாய்மை எண்வகை வழியின் ஓர் உறுப்பு. இழிசொல்லை நீக்குதல் அதில் முதற்படி.

கணவனை இழந்த மூதாட்டி திருமணப் பந்தலில் முன்வரிசையில் அமரலாகாது, மணமக்களை முதலில் வாழ்த்தலாகாது என்னும் பழக்கமும் சில குடும்பங்களில் இன்னும் மறைந்து நிற்கிறது. நம் தம்மத் திருமணத்தில் இதற்கு இடமில்லை. திரிசரணம் ஓதும்போது புத்தர் திருவுருவின்முன் விளக்கேற்றும் உரிமையை அவ்வீட்டின் மிக முதிய பெண்ணுக்கு அளித்துப் பாருங்கள். மணமக்களுக்கு அதனினும் மங்கலம் பிறிதில்லை.

இன்னுமொன்று: நம் கூடங்களில் புத்தர், பாபாசாகேப் ஆகியோரின் படங்கள் உள்ளன. அவற்றோடு இல்லத்து மூதாட்டியின் படத்தையும், அவள் உயிரோடிருக்கும்போதே மாட்டி வைக்கலாம். இளமையில் எடுத்த படத்தைத் தேடாமல், இன்றுள்ள முகத்தையே எடுத்து வைக்கவேண்டும். படம் வரையத் தெரிந்த நம் பிள்ளைகள் பாட்டியின் எதிரே அமர்ந்து, சுருக்கம் ஒன்றையும் விடாமல் வரையட்டும். வரையும்போது அவளைப் பேசவிட்டுக் கேட்கட்டும். எந்த ஊரிலிருந்து வந்தாள், யாருடன் வந்தாள், முதலில் எங்கே குடியிருந்தாள், என்ன வேலை செய்தாள் என்பவற்றை எழுதிவைக்கட்டும். தேரிகாதை தோன்றியதும் முதிய பெண்கள் பேசியதை ஒரு சங்கம் செவிகொடுத்துக் கேட்டுக் காத்ததனாலன்றோ?

மூப்பு என்னும் உண்மையைத் தேடிச் சித்தார்த்தர் அரண்மனையினின்றும் வெளியே செல்ல வேண்டியிருந்தது. நமக்கு அத்தொல்லையில்லை. அவ்வுண்மையை உரைப்பவள் நம் வீட்டிலேயே அமர்ந்திருக்கிறாள்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நான்கு காட்சிகளில் முதியவரைப் பெண்ணாக வரைந்தால் அக்காட்சியின் பொருள் மாறுமா? காரணம் கூறுக.

2. மாயாதேவி, மகாபஜாபதி கோதமி ஆகிய இருவரின் உருவங்கள் கலையில் பெற்ற இடத்தை ஒப்பிடுக.

3. மணிமேகலையில் வரும் நரைமூதாட்டிக்கும் தேரிகாதையின் அம்பபாலிக்கும் உள்ள வேறுபாடு யாது?

4. மூத்தவள் என்று பொருள்படும் சொல் வசைச்சொல்லானமைக்கு நீர் காணும் காரணங்கள் யாவை? உம் இல்லத்தில் அச்சொல்லை நீக்க எவ்வாறு முயல்வீர்?

5. உம் குடும்பத்து மூதாட்டி ஒருவரின் வாழ்க்கையை அவர் கூறியவாறே ஒரு பக்க அளவில் எழுதி அடுத்த வகுப்பில் படிக்க.

எல்லா உயிரும் இன்புறுக.